கிழக்குத் தெருவுக்கு எந்த மாசம்?

பேரையூர்ல ஒரு உரக்கடை மாடியில அந்த டிரஸ்ட்டு ஆபீஸ் இருந்துச்சு. படி ஏறும்போதே யூரியா வாசமும் கூடவே ஏறி வரும். அன்னைக்கு அங்க சுவர் பூராவும் சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தாக. மேல இங்கிலீஷ் மாசம், அதுக்குக் கீழ அங்க வேலை பார்க்கிற சரண்யாதேவி கையெழுத்துல தமிழ் மாசம். பணம் கொடுக்கப்போற பெங்களூர் பவுண்டேசனுக்கு ஜனவரி, பிப்ரவரி போதும். இங்க வேலை நடக்கணும்னா ஆடியா, ஐப்பசியான்னு பார்க்கணும். ஆடியில ஒருத்தனும் புதுசா எதையும் தொட மாட்டான். ஐப்பசி, கார்த்திகை மழையில கரிசக்காட்டுக்குள்ள ஆழ்துளைக் கிணறு தோண்டுற போர் லாரி இறங்குச்சுன்னா, அதை வெளிய இழுக்க இன்னொரு லாரி வேணும். மார்கழியில போர் போடலாமான்னு கேட்டா, கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பாக. தையில மக்காச்சோளம் அறுத்தாத்தான் வண்டிப்பாதையே கண்ணுல தெரியும். மிச்சம் இருக்கிறது மாசியும் பங்குனியும்தான். அதுலயும் பாருங்க, மார்ச்சோட பவுண்டேசனுக்கு முதல் வருசம் முடிஞ்சுருது.

நாலு ஊருக்குத் தண்ணி கொண்டாரதுக்கான திட்டம் அது. சம்மதக் கையெழுத்து வாங்கி, போர் போட்டு, மோட்டார் இறக்கி, டேங்க் கட்டி, குழாய் இழுத்து, ஊர்க் கமிட்டிகிட்ட ஒப்படைக்கிற வரைக்கும் எந்த வேலை எந்த மாசம், யாரு பொறுப்புன்னு கட்டம் போட்டு அனுப்பணும். கட்டம் சரியா இருந்தாத்தான் பணம். அப்படிக் கட்டம் போடுறதுல சரண்யாவை அடிச்சுக்க அங்க ஆளில்ல. ஏழெட்டு வருசமா அதுதான் அவ பொழப்பு.

டிரஸ்ட்டை நடத்துறவர் அழகுராஜா. பரவைக்காரர், காய்கறி மண்டி வச்சிருந்த குடும்பம். நல்ல மனுசன்தான், குறை சொல்ல முடியாது. ஆனா எல்லாருக்கும் நல்லவரா இருக்கணும்னு நினைக்கிற நல்ல மனுசன். அப்படிப்பட்டவங்ககூட வேலை பார்க்கிறது எம்புட்டு கஷ்டம்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

அவர் பச்சை ஸ்கெட்ச்சால மூணு ஊரை மாசியில அடைச்சாரு. நாலாவது ஊரு வேலாங்கரை, சரண்யாவோட ஊரு. அங்க ரெண்டு போர் போடணும். ஊருக்குள்ள ஒன்னு, ஓடைக்கு அங்கிட்டு இருக்கிற கிழக்குத் தெருவுக்கு ஒன்னு. ஊர்ப் போரைப் பங்குனியில போட்டாரு. கிழக்குத் தெருவை, பேச்சு மூச்சு இல்லாம, ரெண்டாவது வருசத்துச் சார்ட்டுல கொண்டுபோய் ஒட்டுனாரு.

"சார், அது எங்க தெரு," என்றா சரண்யா.

"தெரியும்மா. அதுக்குத்தான் தனியா ஒரு கட்டமே கொடுத்திருக்கேன்."

"கட்டத்தைக் குடத்துல ஊத்தியா சார் குடிக்கிறது?"

அழகுராஜா சிரிச்சாரு. சரண்யா சிரிக்கல. ரெண்டாவது வருசம்னா என்னன்னு கிழக்குத் தெருவுல பிறந்த பச்சப்பிள்ளைக்கும் தெரியும். முன்னாடி சோலார் விளக்குத் திட்டம் ஒன்னு வந்துச்சு. ஊருக்கு முதல் வருசம், கிழக்குத் தெருவுக்கு ரெண்டாவது வருசம். அந்த ரெண்டாவது வருசம் பொறக்கவும், பணம் கொடுத்த புண்ணியவான்களுக்கு ஒரிசா மேல பாசம் வந்துருச்சு. கிழக்குத் தெருவுல விளக்குக்கம்பம் நட வெட்டுன குழியில இன்னைக்கும் கோழி படுத்திருக்கு.

தண்ணியும் அப்படிப் போயிரும்ங்கிற பயந்தான் அவளுக்கு. தெருவுல இருந்த கைப்பம்பு வத்திப்போய் வெகுகாலம் ஆச்சு. அவ அம்மா சோணையம்மாள் விடிஞ்சதும் ரெண்டு குடத்தோட ஓடையைத் தாண்டி ஊர்க் குழாய்க்குப் போகணும். அங்க போனதும் பிடிச்சுற முடியுமா? ஊர்க்காரிக அம்புட்டு பேரும் பிடிச்சு முடியிற வரைக்கும் தள்ளி நிக்கணும். யாரும் நில்லுன்னு சொல்றதில்ல. நிக்காம முன்னாடி போனா அப்புறம் சொல்லுவாக. சோணையம்மாளுக்குத் தோள்பட்டை இறங்கிப் போச்சு. போன வருசம் ஓடையில வழுக்கி விழுந்து இடுப்புல அடி. "எம் மக எழுதுற எழுத்துல ஒரு நாளு நம்ம வாசல்ல தண்ணி வரும்டி" என்று தெரு பூரா சொல்லி வச்சிருக்கா.

"ஊருக்கு முதல்ல செஞ்சுட்டோம்னா, அப்புறம் உங்க தெருவுக்குக் குழாய் இழுக்கிறப்ப மல்லுக்கு வர மாட்டாக. நான் உங்களுக்காகத்தான் சரண்யா பேசுறேன்," என்றாரு அழகுராஜா.

"மாசியில இருக்கிற ஊர் ஒன்னைத் தள்ளி வைங்க சார்."

"அதெப்படி? அங்கெல்லாம் தலைவருககிட்ட வாக்குக் கொடுத்தாச்சு. லாரிக்கும் சொல்லியாச்சு."

அப்பதான் சரண்யா கண்ணு பங்குனிக் கட்டத்துல விழுந்துச்சு. அழகுராஜா பரவைக்காரர், அவருக்கு வேலாங்கரைப் பழக்கம் தெரிய நியாயமில்ல. தெரிஞ்ச இவளும் கோவத்துல மறந்து போயிருந்தா. பங்குனி பொறந்த முதல் செவ்வாய்க்கிழமை அங்க அம்மனுக்குச் சாமி சாட்டிருவாக. கொட்டு அடிச்சுச் சொல்லிட்டா, பொங்கல் முடிஞ்சு காப்பு அவுக்கிற வரைக்கும் எல்லைக்குள்ள ஒருத்தரும் மண்ணு வெட்டக் கூடாது, பச்சை மரம் சாய்க்கக் கூடாது. மம்பட்டியைக் கழுவிக் கவுத்தி வச்சிருவாக. இதுல போர் லாரியைக் கொண்டுபோய் நிறுத்துனா டயர் வீடு திரும்பாது.

அதை அவ சொன்னதும் அழகுராஜா நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. "அடடா! நல்லவேளை சொன்னீங்க. அப்ப ஒன்னு பண்ணுவோம். வேலாங்கரையை மொத்தமா ரெண்டாவது வருசத்துக்குத் தள்ளிருவோம்."

தலையில கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி ஆயிருச்சு அவளுக்கு. ஊருக்கும் இல்ல, தெருவுக்கும் இல்ல. வாயைக் கொடுத்துக் கெடுத்தது அவதான். இருந்ததும் போகப்போகுதுங்கிற அந்தப் பதட்டத்துலதான் அவ அந்த வார்த்தையை விட்டா.

"எங்க தெருவுல வெட்டலாம் சார்."

"எப்படிம்மா? சாமி சாட்டியிருப்பாகளே?"

"சாட்டு எங்களுக்குக் கிடையாது. எல்லை ஓடைக்கு இங்கிட்டே முடிஞ்சுருது. சப்பரம் எங்க தெருவுக்கு வராது, எங்ககிட்ட கோயில் வரி வாங்க மாட்டாக. சாமியே வராத இடத்துல மண்ணு வெட்டுனா யாருக்கு என்ன சார்?"

அழகுராஜா மூஞ்சியில பல்பு எரிஞ்சுச்சு. "பிரமாதம்மா! அப்ப கிழக்குத் தெரு முதல் வருசம், ஊரு ரெண்டாவது வருசம். நியாயமான காரணமும் இருக்கு!" என்று, அவ மனசு மாறுறதுக்குள்ள எழுதிட்டாரு. 'கிழக்குத் தெரு கோயில் எல்லைக்கு வெளியே இருப்பதால் பங்குனியில் வேலைக்குத் தடையில்லை. தகவல்: சரண்யாதேவி, கிழக்குத் தெரு.'

அதைப் படிச்சதும் சரண்யாவுக்குத் தம்பி நினைப்பு வந்துச்சு. வராம இருக்குமா? அவ கூடப்பிறந்த தம்பி சூர்யபிரகாஷ், பைக் மெக்கானிக். தெருப் பயலுகளைச் சேர்த்துக்கிட்டு அதிகாரிகளுக்கு மேல அதிகாரியா மனுக் கொடுத்துக்கிட்டு அலையிறான். மனுவுல என்ன இருக்கு? கிழக்குத் தெருவும் வேலாங்கரை எல்லைக்குள்ளதான், எங்ககிட்டயும் வரி வாங்கணும், சப்பரம் ஓடையைத் தாண்டி எங்க வாசலுக்கும் வரணும், இதுதான். போன பங்குனியில இதுக்காகக் கைகலப்பு ஆகி அவன் மண்டையில தையல் போட்டுச்சு. இந்தத் தடவை முன்கூட்டியே பேசி முடிச்சிருவோம்னு ரெண்டு தரப்பையும் அடுத்த வாரம் தாலுகா ஆபீசுல அமைதிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தாக. தம்பி எதை இல்லைன்னு நிரூபிக்க மண்டையை உடைச்சுக்கிட்டானோ, அதையே அக்கா கட்டம் போட்டு எழுதிக் கொடுத்துட்டா.

பெங்களூர்ல கிடக்கப்போற காகிதம்தானேன்னு தன்னைத்தானே தேத்திக்கிட்டா. வேலாங்கரையில யாரு அதைப் படிக்கப் போறா?

மறுநாள் வீடியோவுல பவுண்டேசன் மேடம் வந்தாக. கேரளாக்காரப் பொம்பளை, தமிழ் ஓரளவு பேசுவாக. "எல்லைக்கு வெளியேன்னா, அது வேற ஊரா?" என்று கேட்டாக. "இல்ல மேடம், ஒரே ஊருதான். ஆனா வெளிய," என்றா சரண்யா. மேடத்துக்கு ஒன்னும் விளங்கல. விளங்காட்டாலும் ஓகே சொல்லிட்டாக. ஊர்ச் சம்மதக் கையெழுத்தோட முழுத் திட்டமும் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துறணும்னு மட்டும் சொன்னாக.

கையெழுத்து வாங்க ஊர்ப் பெரியவர் மொக்கையன்கிட்டப் போகணும். லேசுப்பட்ட ஆளில்ல அவர். ஒரு கையெழுத்துக்கு ஒம்பது கேள்வி கேப்பாரு. கிழக்குத் தெருவுக்கு முதல்லன்னு கேட்டதும் எகிறிக் குதிக்கப் போறாருன்னு அழகுராஜா வழி பூரா பயந்துகிட்டே பைக் ஓட்டுனாரு. பின்னாடி உக்காந்திருந்த சரண்யாவுக்கு வேற பயம்.

மொக்கையன் பருத்தி மூடையில சாஞ்சுகிட்டு, "படிங்க தம்பி," என்றாரு. அழகுராஜா படிச்சாரு. அந்தக் காரணத்தை மட்டும் இன்னொருக்கப் படிக்கச் சொன்னாரு மொக்கையன். அப்புறம் சரண்யா பக்கம் திரும்புனாரு.

"ஏ தாயி, நீ சின்னான் மகதானே? இது நீ சொன்னதா?"

"ஆமாய்யா."

"சரியாத்தான் சொல்லியிருக்க," என்று பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுட்டாரு. ஒரு கேள்வி இல்ல, ஒரு முனங்கல் இல்ல. "உங்க தெருவு முதல்ல குடிக்கட்டும் தாயி, நாங்க பொறுத்துக்கிறோம். தம்பி, எனக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்துட்டுப் போங்க."

அழகுராஜா சந்தோசத்துல ஓடிப்போய் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தாரு. மொக்கையன் அதை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சாரு. அப்பவே சரண்யாவுக்குப் புரிஞ்சிருக்கணும். புரியாம இல்ல, சொல்லப்போனா நல்லாவே புரிஞ்சுச்சு. ஆனா கண்ணு முன்னாடி தண்ணி நின்னுச்சே!

வீட்டுல சோணையம்மாளைக் கையில பிடிக்க முடியல. "பங்குனிக்கு அப்புறம் எவளாச்சும் குடத்தைத் தூக்கிட்டு ஓடையில இறங்குனீக, கால முறிச்சுருவேன்டி!" என்று வீடு வீடாப் போய் மிரட்டிட்டு வந்தா. பொம்பளைக விழுந்து விழுந்து சிரிச்சாளுக. பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் சரண்யா கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சுட்டுப் போனா. தெருவே அவளை அப்படிப் பார்க்கவும் சரண்யாவுக்கு அழுகை வந்துச்சு.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காந்தப்ப சூர்யபிரகாஷ் மனுவோட நகலை எடுத்துக் காட்டுனான். "அக்கா, செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு நீயும் வா. நான் பேசுனா சண்டைக்காரன் பேசுறான்னு சொல்லுவாக. நீ நாலு வார்த்தை பேசுனா மதிப்பு." கையில கிரீஸ் வாசத்தோட, அம்புட்டு நம்பிக்கையோட சொன்னான். அந்த எடத்துல சொல்லியிருக்கணும். தம்பி, நான் இப்படி ஒன்னு எழுதிக் கொடுத்துட்டேன், உனக்கு ஆகாததுன்னு சொல்லியிருந்தா, ரெண்டு திட்டு திட்டிட்டு வேற வழி யோசிச்சிருப்பான். அவ "வாரேன்டா" என்று மட்டும் சொல்லிட்டு, சோத்தைப் பிசைஞ்சுகிட்டே இருந்தா.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துல ஒரு பக்கம் மொக்கையனும் ஊர் ஆம்பளைகளும். இன்னொரு பக்கம் கிழக்குத் தெரு. சோணையம்மாள் கல்யாணத்துக்குக் கட்டுற சேலையைக் கட்டிட்டு வந்திருந்தா. நடுவுல, பிரச்சினை எதுவும் தன் காலத்துல வந்துறக் கூடாதுன்னு பார்க்கிற ஒரு அதிகாரி.

சூர்யபிரகாஷ் அன்னைக்கு அருமையாப் பேசுனான். குரலை உசத்தல. "வீட்டு வரி ஒரே ஊராட்சியில கட்டுறோம். ரேசன் கார்டுல வேலாங்கரைன்னு இருக்கு. ஓட்டுக் கேட்டு வரும்போது எல்லை எங்க ஓடையில நின்னுறலையே சார்? சாமி மட்டும் ஏன் நின்னுருது?" அதிகாரியே ஒரு நிமிசம் பேனாவைக் கீழ வச்சிட்டாரு. ஊர் ஆளுக ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்தாக.

மொக்கையன் நிதானமா எந்திரிச்சு, சட்டைப் பையில இருந்து அந்த ஜெராக்ஸை எடுத்து மேசையில விரிச்சாரு.

"நாங்க எதுவும் சொல்லலைங்க. அவங்க தெருப் பிள்ளை, படிச்ச பிள்ளை, சொன்னது. பார்த்துக்கங்க."

அதிகாரி படிச்சாரு. அந்த வரியைச் சத்தமாவே படிச்சாரு. சூர்யபிரகாஷ் திரும்பி அக்காவைப் பார்த்தான். கோவமாப் பார்த்திருந்தாக்கூடத் தாங்கியிருப்பா. அவன் பார்த்தது, இது யாரு புதுசா இங்க உக்காந்திருக்கிறதுங்கிற பார்வை.

"சரண்யாதேவி யாரும்மா? எந்திரிங்க. இது நீங்க சொன்னதா? உங்க தெரு எல்லைக்குள்ள இருக்கா, வெளிய இருக்கா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அவ எந்திரிச்சா. வெளியன்னு சொன்னா பங்குனியில வாசல்ல தண்ணி. தம்பி உடைச்சுக்கிட்ட மண்டைக்கு மரியாதை இல்ல, இனிமே எந்தக் காலத்துலயும் அந்த மனுவை எவனும் வாங்க மாட்டான். உள்ளன்னு சொன்னா தண்ணி போச்சு. பின்வரிசையில சோணையம்மாள், மக என்னமோ பெருசா பேசப்போறான்னு சேலைத்தலைப்பால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு இந்தக் கணக்கு ஒன்னும் தெரியாது.

"நான் சொன்னதுதான் சார்," என்றா சரண்யா. "தண்ணிக்காகச் சொன்னேன். தப்புச் சொன்னேன். எங்க தெரு எல்லைக்குள்ளதான் இருக்கு. எங்கப்பன் பொறந்ததும் வேலாங்கரை, அவரைப் பொதைச்சதும் வேலாங்கரை. நாங்க வெளியாளுக இல்ல சார்."

பயலுக கையைத் தட்டிட்டாங்க. சூர்யபிரகாஷ் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். அவளுக்கு நெஞ்சுக்கூட்டுல இருந்து ஒரு பாரம் இறங்குச்சு. தண்ணி போனாப் போகட்டும், இதாச்சும் கிடைச்சதேன்னு நினைச்சா. நினைச்சு முடிக்கக்கூட விடல.

மொக்கையன் கோவப்படுவாருன்னுதானே நினைப்பீக? சிரிச்சாரு.

"நல்லது தாயி. அதிகாரி அய்யா, எழுதிக்கங்க. பிள்ளை தன் வாயால எல்லைக்குள்ளன்னு சொல்லிருச்சு. எல்லைக்குள்ள இருக்கிறவங்க சாட்டுக்குக் கட்டுப்படணும். பங்குனியில அந்தத் தெருவுல மம்பட்டி விழக்கூடாது, போர் லாரி வரக்கூடாது."

அதிகாரி எழுதிக்கிட்டாரு.

"அப்ப சப்பரம்?" என்று சூர்யபிரகாஷ் எந்திரிச்சான். "வரி வாங்குவீகளா? சாமி வருமா?"

"அது நான் ஒருத்தன் சொல்ற காரியமாப்பா? தலைக்கட்டு அம்புட்டு பேரும் கூடி, அம்மன்கிட்ட உத்தரவு கேட்டு, செய்ய வேண்டியது. அடுத்த வருசம் பேசுவோம்."

"அதெப்படி, கட்டுப்பாடு மட்டும் இந்த வருசமா?" என்று அவன் கத்துனான். பயலுக எந்திரிச்சாங்க. அதிகாரி மேசையைத் தட்டுனாரு. "ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டதை மட்டும் எழுதியிருக்கேன். நல்லபடியாத்தானே போகுது, கெடுத்துக்காதீங்க. மத்ததை அடுத்த வருசம் பார்க்கலாம்." வெளிய அடுத்த மனுக்காரங்க காத்துக்கிட்டு நின்னாக.

அம்புட்டுதான். ஒரு பத்து நிமிசத்துல எல்லைக்குள்ளயும் கொண்டுவந்தாச்சு, வாயையும் கட்டியாச்சு. கட்டுப்பாடு ஓடையைத் தாண்டி வந்துருச்சு, சாமிதான் வரல. வயித்தெரிச்சலா இல்லையா, நீங்களே சொல்லுங்க!

சூர்யபிரகாஷ் வாசல்ல வந்து அவ கையைப் பிடிச்சான். "நீ சொன்னியேக்கா... அது போதும்க்கா," என்றான். போதாதுன்னு அவனுக்கும் தெரியும். பயலுகளோட பைக்கை எடுத்துட்டுப் போயிட்டான்.

சரண்யா ஆபீசுக்குப் போனா. அழகுராஜா எல்லாத்தையும் கேட்டுட்டு, நெசமாவே வருத்தப்பட்டாரு. டீ வாங்கிக் கொடுத்தாரு. அப்புறம், "வேற வழியில்லம்மா. வேலாங்கரையை மொத்தமா ரெண்டாவது வருசத்துல போட்டுருங்க. நீங்களே மாத்திருங்க, எனக்கு அந்தக் கட்டமெல்லாம் நகர்த்த வராது," என்றாரு. அவ உக்காந்து நகர்த்துனா. பங்குனி காலியா இருந்தா பவுண்டேசன் கேள்வி கேக்கும்னு, அந்த எடத்துல 'சமூக ஆயத்தப் பணி' என்று ஒன்னை எழுதி அடைச்சா. அனுப்பியும் விட்டா.

அவ வீடு வந்து சேர்ந்தப்ப தெருவுல ஒரு சத்தமில்ல. விசயம் அவளுக்கு முன்னாடியே வந்துருச்சு. ஒச்சம்மாள் வாசல்ல நின்னவ, இவளைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பல, ஆனா உள்ள போயிட்டா. சோணையம்மாள் அந்தக் கல்யாணச் சேலையை அவுத்து மடிச்சு வச்சுட்டு, பழைய சேலையில இருந்தா. கால்ல செருப்பை மாட்டிக்கிட்டே மகளை நிமிர்ந்து பார்த்தா.

"தம்பி சொன்னான். எல்லாம் விளங்குச்சு." திட்டுற குரல் இல்ல அது. சந்தையில இருந்து வெறுங்கையா வந்தவகிட்ட விசாரிக்கிற குரல். "நீ சொன்னது தப்புன்னு சொல்லலடி. உங்கப்பனை நினைச்சுத்தான் சொல்லியிருக்க. ஆனா தண்ணியும் இல்ல, சாமியும் இல்ல. இம்புட்டுப் படிச்சு, அம்புட்டுப் பேரு நடுவுல எந்திரிச்சு நின்னவ, ரெண்டுல ஒன்னையாச்சும் வாங்கிட்டு வந்திருக்கக் கூடாதா?"

பதிலுக்குக் காத்திருக்காம சோணையம்மாள் ஒரு குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு நடந்தா. இவ பையைக் கீழ வச்சுட்டு, இன்னொரு குடத்தைத் தூக்கிக்கிட்டு, அம்மா பின்னாடியே ஓடையில இறங்குனா.